மருந்தைத் துடைத்துவிட்டுப் போங்கள்: தோல் மருத்துவரைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இடுப்பில் வந்த அரிப்பைக் காட்டப் போன அன்று தோல் மருத்துவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இதுவரை என்னென்ன பூசினீர்கள்?" என்பதுதான். "பெரிதாக ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன். அவர் விடவில்லை. "சரி, சிறிதாக என்ன பூசினீர்கள்?" என்றார். அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டிப் பாதியாகிப் போன ட்யூப் ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததைப் படித்தார். "எட்டு மாதமாக உங்கள் நோய் இதற்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது" என்றார்.

வந்திருந்தது படர்தாமரை. ஆனால் படர்தாமரைக்கு இருக்க வேண்டிய வட்டமும் மேடான விளிம்பும் அதில் இல்லை. பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு குளோபெட்டசால் என்ற ஸ்டீராய்டும் கலந்த க்ரீம் அது. ஸ்டீராய்டு அரிப்பை அடக்கியது, சிவப்பை அடக்கியது, கூடவே தோலின் எதிர்ப்பையும் அடக்கியது. பூஞ்சைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பூசினால் இரண்டு நாள் சுகம், நிறுத்தினால் முன்பைவிட அகலமாக வரும். நானும் மறுபடி பூசுவேன்.

அதன் பிறகு எனக்காகவும் வீட்டாருக்காகவும் தோல் மருத்துவர்களின் அறைகளில் நிறைய நேரம் உட்கார்ந்திருக்கிறேன். வைத்தியம் தோற்றுப் போகிற இடம் பெரும்பாலும் அறைக்கு உள்ளே இல்லை. போவதற்கு முன் நாம் பூசியதிலும், வந்த பிறகு பூசாமல் விட்டதிலும்தான் இருக்கிறது. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது.

முதல் படி: காத்திருக்கலாமா, இன்றே ஓட வேண்டுமா?

தோல் நோய்களில் பெரும்பாலானவை ஒரு வாரம் பொறுக்கும். பொறுக்காத சில உண்டு.

புதிதாக ஒரு மாத்திரை தொடங்கிய சில நாளிலோ சில வாரத்திலோ காய்ச்சலுடன் தோல் சிவந்து, தொட்டாலே வலித்து, வாயிலும் கண்ணிலும் பிறப்புறுப்பிலும் புண் வந்தால் அது சாதாரண ஒவ்வாமை அல்ல. ஸ்டீவன்ஸ்–ஜான்சன் நோய் என்ற, உயிருக்கே ஆபத்தான எதிர்வினையாக இருக்கலாம். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன், லாமோட்ரிஜின், யூரிக் அமிலத்துக்குத் தரும் அல்லோபியூரினால், சல்ஃபா வகை மருந்துகள் ஆகியவை இதை உண்டாக்குவதில் பேர்போனவை. தோல் மருத்துவரிடம் தேதி கேட்டுக்கொண்டிருக்காதீர்கள். மாத்திரைப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு நேரே பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். உதடும் நாக்கும் வீங்கி மூச்சு திணறினாலும் அங்கேதான்.

அக்கிக்குக் கொப்புளம் தோன்றியதிலிருந்து 72 மணி நேரம்தான் நல்ல நேரம். உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும், பட்டை போல, எரிச்சலும் வலியுமாகக் கொப்புளங்கள் வந்தால் அது சின்னம்மைக் கிருமி பல வருடம் நரம்பில் தூங்கிவிட்டு மறுபடி எழுந்து வந்தது. வைரஸை எதிர்க்கும் மாத்திரையை அந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பலன். கொப்புளம் மூக்கின் நுனியில் வந்திருந்தால் அதே நரம்பு கண்ணுக்கும் போகிறது என்பதால் கண் மருத்துவரையும் அன்றே பார்க்க வேண்டும். கால் சிவந்து, சூடாகி, வலித்து, மணிக்கு மணி பரவினாலும் தாமதம் கூடாது.

மற்றதற்கெல்லாம் நிதானமாகத் தயாராகலாம்.

இரண்டாம் படி: போவதற்கு முந்தைய இரண்டு வாரம்

உங்களுக்காக எழுதித் தரப்படாத எந்த க்ரீமையும் இன்றே நிறுத்துங்கள். பூஞ்சையா என்று பார்க்கத் தோலின் செதிளைச் சுரண்டி நுண்நோக்கியில் வைப்பார்கள். நேற்று வரை பூஞ்சை மருந்து பூசியிருந்தால் அங்கே எதுவும் தெரியாமல் போகலாம். ஒரு எச்சரிக்கை: முகத்தில் மாதக்கணக்கில் ஸ்டீராய்டு பூசியவர் திடீரென்று நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், பரு கொத்துக் கொத்தாக வரும். அப்படிப்பட்டவர் தாமாக நிறுத்த வேண்டாம். இன்னும் சீக்கிரம் மருத்துவரைப் பார்த்து, அவர் சொல்கிற வேகத்தில் நிறுத்தட்டும். வேறு மருத்துவர் எழுதித் தந்த மாத்திரைகளிலும் கை வைக்காதீர்கள்.

அடுத்தது படம். தோல் நோய்க்கு ஒரு கெட்ட பழக்கம், மருத்துவரைப் பார்க்கிற அன்று மட்டும் மறைந்துவிடும். காணாக்கடித் தடிப்பு இதில் முதல் ஆள். நல்ல வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு நாணயத்தை அளவுக்கு வைத்து, தூரத்திலிருந்து ஒன்று, கிட்டத்திலிருந்து ஒன்று என்று எடுங்கள். தடிப்பாக இருந்தால் இன்னொரு வேலையும் செய்யுங்கள். ஒரே ஒரு தடிப்பைச் சுற்றிப் பேனாவால் கோடு வரைந்து நேரத்தை எழுதி வையுங்கள். மறுநாள் அதே நேரத்துக்குள் கோட்டுக்குள் இருந்தது சுவடில்லாமல் போய், வேறிடத்தில் புதிதாக வந்திருந்தால் அது காணாக்கடி. கோட்டுக்குள் இருந்தது 24 மணி நேரம் தாண்டியும் அப்படியே நின்று, வலித்து, கன்றிய தழும்பை விட்டுப் போனால் இரத்தக் குழாய் அழற்சியாக இருக்கலாம். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஒரு பேனாக் கோடு மருத்துவருக்குத் தரும் தகவலை நம்முடைய பத்து நிமிடப் பேச்சு தராது.

மூன்றாம் படி: பையில் என்ன, உடம்பில் என்ன

பூசியவை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம், பக்கத்து வீட்டார் தந்தது, பழைய சீட்டில் மீந்தது, முகம் வெளுக்க வாங்கியது, தலைச்சாயம், எல்லாம் வரட்டும். ட்யூப் தூக்கியெறியப்பட்டிருந்தால் அட்டைப்பெட்டியின் படமாவது இருக்கட்டும். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல், பழைய இரத்தப் பரிசோதனைத் தாள்களும் தேவை.

உடம்பில் ஒன்றும் இருக்கக் கூடாது. முகப்பூச்சு, நகப்பூச்சு, தலையில் எண்ணெய், புண்ணின் மேல் மஞ்சள் இவை எதுவும் வேண்டாம். நகங்கள் உள்ளே நடப்பதைச் சொல்லும் சாட்சிகள். அவற்றுக்குச் சாயம் அடித்துக்கொண்டு போனால் சாட்சியின் வாயைக் கட்டிய மாதிரி. எளிதாகக் கழற்றி மாட்டக்கூடிய உடை போடுங்கள்.

நான்காம் படி: அறைக்குள்ளே

அதிகம் கேட்கப்படும் கேள்விகள் நான்குதான். எங்கே முதலில் வந்தது? எப்படிப் பரவியது? இரவில் அரிப்பு கூடுகிறதா? வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா? இவற்றுக்குப் பதிலை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் போதும். "உடம்புச் சூடு" என்றோ "இரத்தம் கெட்டுவிட்டது" என்றோ நாமே காரணம் சொல்லிவிட வேண்டாம். பார்த்ததை மட்டும் சொல்வோம்.

முழங்கையைக் காட்டப் போனவரிடம் மருத்துவர் தலையையும் நகத்தையும் தொப்புளையும் பார்க்க வேண்டும் என்றால் தயங்காதீர்கள். சொரியாசிஸ் முழங்கையில் சந்தேகமாக நிற்கும், தொப்புளிலும் மண்டையிலும் பளிச்சென்று தெரியும். மறைவிடங்களைப் பார்க்கும்போது துணைக்கு ஒருவர் அறையில் இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை.

சோதனைகளில் பெரும்பாலானவை வலிக்காதவை. டெர்மாஸ்கோப் என்பது விளக்கு வைத்த உருப்பெருக்கி. தோலைச் சுமார் பத்து மடங்காகக் காட்டும். உட்ஸ் விளக்கை அறை இருட்டாக்கி அடிப்பார்கள். அந்தப் புற ஊதா ஒளியில் வெண்புள்ளி சுண்ணாம்பு அடித்தது போல ஒளிரும். பயாப்ஸி என்றதும் புற்றுநோய் என்று நினைத்து முகம் வெளுத்துப் போகிறவர்கள் உண்டு. மரத்துப்போக ஊசி போட்டு, பென்சில் பருமனுக்கும் குறைவாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் தோலை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவதுதான் அது. பெயர் தெரியாத நோய்க்கு மாதக்கணக்கில் மருந்து மாற்றிக்கொண்டிருப்பதைவிட அந்தத் தையல் மேல்.

தொடு ஒவ்வாமைக்கான பேட்ச் சோதனைக்கு மட்டும் நேரம் ஒதுக்க வேண்டும். சந்தேகப்படும் பொருள்களை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், பிறகு 72 அல்லது 96 மணி நேரத்தில் மறுபடியும் பார்ப்பார்கள். இடையில் முதுகு நனையக் கூடாது.

ஐந்தாம் படி: உங்கள் நோயைத் தெரிந்துகொள்ளுங்கள்

*சிரங்கு.* வீட்டில் இரண்டு பேர் இரவில் சொறிகிறார்கள் என்றால் முதலில் இதைத்தான் நினைக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய உண்ணி தோலுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, தொப்புளைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்கவே நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். "எனக்கு அரிக்கவே இல்லை, நான் எதற்குப் பூச வேண்டும்" என்று வீட்டில் ஒருவர் முரண்டு பிடிப்பார். சிரங்கு திரும்பி வருவது அவரிடமிருந்துதான்.

உண்ணியைக் கொல்லும் பெர்மெத்ரின் 5 சதவீதக் க்ரீமைப் பூசும் முறையில்தான் எல்லாமே இருக்கிறது. வீட்டில் உள்ள அனைவரும் ஒரே இரவில் பூச வேண்டும். நகங்களை ஒட்ட வெட்டிவிட்டு, உடம்பு உலர்ந்து குளிர்ந்த பிறகு, கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் பூசுங்கள். நகத்துக்கு அடியில், விரல் இடுக்கில், தொப்புளுக்குள், பிட்டத்தின் மடிப்பில், பிறப்புறுப்பில் எல்லாம் பட வேண்டும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் தலையும் முகமும் சேரும். எப்படி என்பதை மருத்துவர் சொல்வார். 8 முதல் 14 மணி நேரம் விட்டுக் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி பூசுங்கள். மூன்று நாளாகப் போட்ட துணி, போர்வை, துண்டுகளைக் கொதிநீரில் துவைக்கலாம். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வைத்தால் போதும். மனித உடம்பை விட்டு உண்ணி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. ஏழாம் நாள் எல்லாவற்றையும் மறுபடி செய்யுங்கள். உண்ணி செத்த பிறகும் இரண்டு முதல் நான்கு வாரம் அரிக்கும். அந்த அரிப்புக்குப் பயந்து தினமும் பெர்மெத்ரின் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

*கரப்பான்.* எக்சிமா என்றால் எல்லோருக்கும் புரியும். அடிப்படையில் இது தோலின் சுவரில் விழுந்த ஓட்டை: ஈரம் வெளியே போகிறது, எரிச்சலூட்டுவது உள்ளே வருகிறது. எனவே முதல் மருந்து ஈரப்பதக் களிம்பு. வெந்நீர் வேண்டாம், வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் குளித்து, துண்டால் ஒற்றி, மூன்று நிமிடத்துக்குள் பூசிவிட வேண்டும். உடம்பெங்கும் உள்ள பெரியவருக்கு வாரத்துக்கு 250 கிராமிலிருந்து 500 கிராம் வரைகூடச் செலவாகும். சிறிய குப்பி மாதக்கணக்கில் வருகிறது என்றால் பூசவே இல்லை என்று அர்த்தம். பாரஃபின் களிம்பு ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அடுப்புப் பக்கம் கவனம். நான் திட்டிக்கொண்டிருக்கும் ஸ்டீராய்டு, இங்கே சரியான மருந்து. 1952-ல் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பு வந்த பிறகுதான் கரப்பான் வைத்தியமே மாறியது. மருத்துவர் சொன்ன வலிமையில், சொன்ன நாள் வரை பூசினால் அது தோலைக் கெடுப்பதில்லை. பயந்து பயந்து குறைவாகப் பூசுகிறவரின் நோய்தான் நீள்கிறது.

*சொரியாசிஸ்.* சாதாரணமாகத் தோலின் மேலடுக்கு புதுப்பிக்கச் சுமார் நான்கு வாரம் ஆகும். இதில் சில நாட்களில் நடந்துவிடுகிறது. அதனால்தான் வெள்ளிச் செதிளாக அடுக்கடுக்காகக் குவிகிறது. தொற்றாது, கட்டிப்பிடிக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். காலையில் விரல் மூட்டும் குதிகாலும் இறுகி வலித்தால் மறக்காமல் சொல்லுங்கள், இந்த நோய் மூட்டையும் பிடிக்கும். ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ கேட்காதீர்கள்; நிறுத்தியதும் உடம்பு முழுக்கப் பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு. மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை எழுதப்பட்டால் சீட்டில் உள்ள ஒரு சொல்லை மூன்று முறை படியுங்கள்: வாரத்துக்கு ஒருமுறை. அதைத் தினமும் விழுங்கி உயிரையே இழந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று முடிவு செய்து, அட்டையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

*வெள்ளையாக வரும் நான்கு.* வெள்ளைத் திட்டு என்றதும் குடும்பமே இடிந்துபோகிறது. பெரும்பாலும் அதற்குத் தேவையே இல்லை. குழந்தையின் கன்னத்தில் மங்கலாக, ஓரம் தெளிவில்லாமல் இருந்தால் அது தோல் வறட்சியோடு வரும் வெளிறல். களிம்பிலேயே மெல்லச் சரியாகும். மார்பிலும் முதுகிலும், நகத்தால் கீறினால் தவிடு போல உதிர்ந்தால் தேமல். தோலில் எப்போதும் வாழும் ஈஸ்ட் மிஞ்சி வளர்ந்ததால் வருவது அது. மருந்தில் ஈஸ்ட் போய்விடும், நிறம் திரும்ப மாதங்கள் ஆகும், அதுவரை "மருந்து வேலை செய்யவில்லை" என்று நினைக்க வேண்டாம். பால் வெண்மையாக, செதிள் இல்லாமல், தொடு உணர்வு அப்படியே இருந்தால் வெண்புள்ளி. நிறமிச் செல்களை உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே அழிப்பதால் வருகிறது. தைராய்டையும் சோதித்துப் பார்ப்பார்கள். இதற்கும் தொழுநோய்க்கும் எந்த உறவும் இல்லை. "வெண்குஷ்டம்" என்ற பழைய பெயர் எத்தனையோ பேரின் வாழ்க்கையைக் கெடுத்தது, அந்தச் சொல்லை வாயில் வைக்காமலிருப்பது நல்லது.

நான்காவதுதான் தவறவிடக் கூடாதது. சற்றே வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டில் உணர்ச்சி குறைந்திருந்தால், மருத்துவர் உங்கள் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுத் திரியால் தொட்டு, எங்கே படுகிறது என்று விரலால் காட்டச் சொல்வார். திட்டுக்குள் தொட்டது தெரியவில்லை என்றால் தொழுநோய். முழுதாகக் குணமாகும். கூட்டு மருந்தை, திட்டுகள் ஐந்துக்குள் இருந்தால் பொதுவாக ஆறு மாதம், அதற்கு மேல் என்றால் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். உலக சுகாதார நிறுவனம் அதை 1995 முதல் இலவசமாகக் கொடுத்துவருகிறது. தள்ளிப்போட்டால் கெடுவது நரம்பு. போன நரம்பை மருந்து திருப்பித் தராது.

*முகப்பரு.* பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பது தவறு. அடாபலீன் போன்ற பூச்சு மருந்துகள் வரப்போகும் பருவைத் தடுப்பவை, ஆகவே பட்டாணி அளவு எடுத்து முகம் முழுவதும், இரவில், மெல்லியதாகப் பூச வேண்டும். முதல் சில வாரம் தோல் உரியும், பரு கூடியது போலவும் தோன்றும். 8 முதல் 12 வாரம் வரை தீர்ப்பு எழுதாதீர்கள். பருவுக்குப் பூசும் பென்ஸாயில் பெராக்ஸைடு பட்ட தலையணை உறை வெளுத்துப் போகும். வெள்ளை உறை போட்டுக்கொள்ளுங்கள். குழியாகத் தழும்பு விழும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் நல்ல மருந்துதான், ஆனால் கருவைக் கடுமையாகச் சிதைக்கும். சாப்பிடும் காலத்திலும் நிறுத்திக் குறைந்தது ஒரு மாதம் வரையிலும் கருத்தரிக்கவே கூடாது. பெண்ணுக்கு மாதவிடாய் தவறி, முகவாயில் முடியும் வளர்ந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

*மங்கு.* முகத்தில் படரும் கருந்திட்டு. வெயிலும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் இதைக் கூட்டும் என்பதால் இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வெளுப்பாக்கும் மூன்று மருந்துக் கலவையில் ஸ்டீராய்டு இருக்கிறது. சீட்டில் எழுதிய வாரங்களைத் தாண்டி ஒரு நாள்கூட வேண்டாம். கழுத்தின் பின்புறம் வெல்வெட் போலத் தடித்துக் கறுத்தால் அது மங்கு அல்ல, அழுக்கும் அல்ல. பீர்க்கங்கூட்டால் தேய்த்துப் பயனில்லை; சர்க்கரையைச் சோதியுங்கள்.

*முடி.* நாளைக்கு 50 முதல் 100 முடி விழுவது இயல்பு. திடீரென்று கொத்தாகக் கொட்டினால் இரண்டு மூன்று மாதம் பின்னோக்கி யோசியுங்கள்: காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, பட்டினி உணவுமுறை ஏதாவது இருக்கும். அது தானாக நிற்கும். நாணயம் போல வழவழப்பாக முடி போனால் புழுவெட்டு. புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முடி வளரப் பூசும் மினாக்ஸிடில் தொடங்கியதும் முதலில் சற்றுக் கூடவே கொட்டும். பூனை வளர்ப்பவர்கள் கவனியுங்கள், அந்த மருந்து பூனைக்கு நஞ்சு. பூசிய தலையைப் பூனை நக்கக் கூடாது.

*மச்சம்.* ஒரு பாதி மறுபாதி போல் இல்லாமல், ஓரம் கிழிந்து, ஒன்றுக்கு மேற்பட்ட நிறத்தில், ஆறு மில்லிமீட்டரைத் தாண்டி இருந்தால் காட்டுங்கள். இந்த நான்கைவிடவும் முக்கியம், மாறிக்கொண்டே இருப்பது. கறுத்த தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்றுநோய் வெயில் படும் இடத்தைவிட உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருவதே அதிகம். உள்ளங்காலை நாம் எப்போது கடைசியாகப் பார்த்தோம்?

ஆறாம் படி: சீட்டைப் படிப்பது, ட்யூபைப் பிதுக்குவது

களிம்புகளில் சதவீதம் ஏமாற்றும். ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மென்மையானது, குளோபெட்டசால் 0.05 சதவீதம் ஆகக் கடுமையான வகை. எண் சிறியது என்பதால் குழந்தையின் முகத்துக்குப் பின்னதைப் பூசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு ட்யூபுக்கும் மூன்று கேள்வி கேட்டு, பதிலை அட்டைப்பெட்டியின் மேலேயே எழுதிக்கொள்ளுங்கள்: எந்த இடத்துக்கு, தினம் எத்தனை முறை, எந்தத் தேதி வரை. கண்ணிமை, முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகியவற்றில் தோல் மெல்லியது, மருந்தை நிறைய உறிஞ்சும். தொடையிடுக்கில் கடும் ஸ்டீராய்டால் விழும் வரித் தழும்பு போகவே போகாது.

அளவுக்கு ஆள்காட்டி விரல்தான் அளவுகோல். நுனியிலிருந்து முதல் ரேகை வரை ட்யூபிலிருந்து ஒரு கோடு பிதுக்கினால் அது ஏறத்தாழ அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத் தோலுக்கு வரும். முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டரைக் கோடு, ஒரு கைக்கு மணிக்கட்டு வரை மூன்று, ஒரு காலுக்குப் பாதம் நீங்கலாக ஆறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு கால்களுக்கும் தினம் இருமுறை என்றால் 12 கிராம். 15 கிராம் ட்யூபை வைத்துக்கொண்டு இரண்டு கால்களுக்கும் இரண்டு வாரம் பூசினேன் என்று சொன்னால் மருத்துவர் சிரிக்காமல் என்ன செய்வார்?

மருந்தும் ஈரப்பதக் களிம்பும் இரண்டும் எழுதியிருந்தால் எது முதலில் என்பதைவிட நடுவில் இருபது நிமிட இடைவெளி விடுவதே முக்கியம். இல்லாவிட்டால் இரண்டும் குழைந்து மருந்து நீர்த்துவிடும்.

ஏழாம் படி: காலண்டரைப் பார்ப்பது

தோல் மெதுவாகவே நடக்கும். கைவிரல் நகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர்தான் வளர்கிறது, கால் நகம் அதிலும் பாதி. கால் கட்டைவிரல் நகத்தில் பூஞ்சை என்றால் நல்ல நகம் முழுதாக வர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். மருந்தை முடித்த அன்று நகம் அசிங்கமாகத்தான் இருக்கும். முடிக்கு நான்கைந்து மாதம், வெண்புள்ளிக்கு இன்னும் நீளம். நான்கு வாரத்துக்கு ஒருமுறை, அதே ஜன்னல் வெளிச்சத்தில், அதே கோணத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். தினம் கண்ணாடி பார்ப்பவருக்குத் தெரியாத மாற்றம் இரண்டு படங்களைப் பக்கத்தில் வைத்தால் தெரியும். சொன்ன அளவும் காலமும் தவறாமல் பூசியும் மாற்றமில்லை என்றால் வேறு மருத்துவரைப் பார்க்கலாம், தப்பில்லை. முதல் மருத்துவரின் சீட்டையும் படங்களையும் கையோடு கொண்டு போங்கள்.

என் இடுப்புக்கு வருவோம். மாத்திரையும், வெறும் பூஞ்சைக் களிம்பும், தனித் துண்டும், உள்ளாடையை வெயிலில் காயப்போடுவதுமாக ஆறு வாரம் போயிற்று. மறு பரிசோதனைக்குப் போன அன்று லேசான கறுப்பைத் தவிர ஒன்றுமே இல்லை. "குணமாகிவிட்டது, நான் எதற்கு வந்தேன் என்றே தெரியவில்லை" என்றேன். மருத்துவர் உருப்பெருக்கியை வைத்து ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு சீட்டை எடுத்து, அதே களிம்பை இன்னும் இரண்டு வாரம் என்று எழுதினார்.